கொம்பு

நாலாம் வகுப்பு, காசிமேடு. முப்பத்தாறு பேர்.
ஜூலையில் ஒவ்வொருவரிடமும் ஒரு பத்தியை நீட்டி
வாசிக்கச் சொன்னேன்.
ஒரு நிமிடம். கையில் ஸ்டாப்வாட்ச்.
அப்புறம் பிரிக்க வேண்டும், அது விதி:
எல்லோருக்கும் கரும்பலகை.
சிலருக்கு அதோடு ஜன்னலோர வட்டம்.
ஒருவர் இருவருக்கு
மாடிப்படிக்கு அடியில், ஓடாத எடைமெஷினுக்குப் பக்கத்தில்,
என்னோடு மட்டும் இருபது நிமிடம்.

பிரித்துப் பார்த்தால்
ஜன்னலோரம் இருபத்திரண்டு பேர்.
இருப்பது ஒரே ஜன்னல்.

செவ்வாய்தோறும் திருவொற்றியூரிலிருந்து வரும்
சிறப்பாசிரியர் மெஹருன்னிசா
நோட்டைப் புரட்டிவிட்டு, டீயை ஆற்றியபடி சொன்னாள்:
"நாலு பேருக்கு ஜுரம்னா மாத்திர குடுக்கலாம் டீச்சர்.
தெருவுக்கே ஜுரம்னா
தண்ணித் தொட்டியத் தொறந்து பாக்கணும்."

கோபம்தான் வந்தது.
பதினாறு வருஷமாக நான் எழுதுகிற பலகை அது.
அன்று சாயங்காலம் எண்ணூர் நெடுஞ்சாலையில்
கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நகரவில்லை.
அவள் சொன்ன வார்த்தையும் நகரவில்லை.

மறுநாள் பாடத்தைப் பத்து நிமிடம் மூடிவைத்தேன்.
சொல்லை ஒலியாக உடைத்தோம்,
ஒலியை எழுத்தாக அடுக்கினோம்,
எல்லோரும், கடகடவென்று வாசிப்பவர்களும், தினமும்.
அக்டோபரில் ஜன்னலோரம் ஒன்பது பேர்.
தொட்டிக்குள் என்ன கிடந்தது என்று
நான் யாரிடமும் சொல்லவில்லை.

படிக்கு அடியில் கெபிரியேல்.
ஏலக் கணக்கை மனசிலேயே கூட்டுவான்.
தூரத்துப் படகின் நம்பரைச் சொல்வான்.
சொந்தப் பெயரை எழுதச் சொன்னால்
முதலில் க, அப்புறம்தான் கொம்பு.
"கானாதானே மிஸ் வாயில மொதல்ல வருது?"

சொல்லிப் பார்த்தேன். கெ. கெ.
ஆமாம், வாய் அங்கேதான் தொடங்குகிறது.
கை மட்டும் ஏன் முந்திப் போய்
கொம்பைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது?
எனக்கு யாரும் சொன்னதில்லை.
நான் கேட்டதும் இல்லை.
அவன் பெயர் மேல் இதுவரை ஓடிய சிவப்பு மையில்
பாதி என் பேனாவுடையது.

அட்டைகளில் மீன் எழுதினேன்.
நெத்திலி. கெளுத்தி. சென்னாக்குன்னி.
கொம்பைக் கண்டால் நில்,
அடுத்தவனைக் கூட்டிக்கொண்டு போ.
நிமிடத்துக்கு நாலு சொல். ஏழு. ஐந்து. பதினொன்று.
அந்த ஐந்து, புயல் எச்சரிக்கை வாரம்,
அவன் வீட்டில் யாரும் தூங்காத வாரம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

ஜனவரியில் ஒரு நாள் வௌவால் என்று எழுதி நீட்டினேன்.
"வெ... ள... வா... ல்."
நிமிர்ந்தான்.
"அப்டி ஒரு மீனே கெடையாது மிஸ்."

மறுபடி அட்டையைப் பார்த்தான்.
உதடு அசைந்தது. "ஐய... வவ்வாலு!"
கொம்புக்குப் பின்னால் வருவது சிலசமயம் ளவே இல்லை,
இரண்டுக்கும் ஒரே முகம் என்றேன்.
"அப்ப எப்டி மிஸ் கண்டுபுடிக்கிறது?"
நீ இப்போது கண்டுபிடித்த மாதிரிதான்.
அப்படி ஒரு மீன் இருக்கிறதா என்று பார்த்து.

பிப்ரவரியில் ஜன்னலோரம் போனான்.
அட்டைக்கட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டான்,
ரப்பர் பேண்டோடு.

அந்த ஸ்டூல் காலியாகும் என்று நினைத்திருந்தேன்.
ஷப்ரின் உட்கார்ந்திருக்கிறாள்.
தீபாவளி வரை கரும்பலகையே போதுமாயிருந்தவள்.
இப்போது வரி ஓடுகிறது என்கிறாள்,
எழுத்து எறும்பாகிறது என்கிறாள்.
கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதியாகிவிட்டது.
ஸ்டாப்வாட்சை மேசைக்குள் வைத்துவிட்டேன்.

பெரிதாக எழுதுகிறேன்.
இன்னும் பெரிதாக.
அட்டைக்கு ஓர் எழுத்து.