கிரேன் பழுதான நாள்

பெஜாயா துறைமுகத்தில் கிரேன் பழுதானதால்
எனக்கொரு பகல் கிடைத்தது.
ஆறு மணிக்குள் வந்தால் போதும் என்றார் சீஃப்.
பதினோரு வாரமாக நான் நடந்ததெல்லாம்
நூற்றெண்பது மீட்டர் இரும்பு.

கால் போன போக்கில் போகலாமென்றால்
இந்த ஊரில் போக்கு இரண்டுதான்,
மேலே, கீழே.
சமமாக இருந்தது காபிக்கடை மேசை ஒன்றுதான்.
அதன் காலுக்கடியிலும்
அட்டை மடித்துச் செருகியிருந்தார்கள்.
சர்க்கரை இரண்டு கட்டி.
நாங்கள் கொண்டுவந்ததாக இருக்காது,
அது இன்னும் கப்பலின் வயிற்றில்.

மீன்காரனின் தராசை
ஐந்து பூனைகள் தணிக்கை செய்துகொண்டிருந்தன.
சுவரில் வெள்ளை உரிந்த இடத்தில் நீலம்,
நீலம் உரிந்த இடத்தில் யாரோ எழுதிய கணக்கு,
கூட்டல் தப்பு.
ஆரஞ்சு ஒன்று வாங்கிப்
பையில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஒரு படிக்கட்டுச் சந்து.
அதை அடைத்துக்கொண்டு ஒரு ஃபிரிட்ஜ்.
மேலிருந்து இழுப்பது லூனிஸ்,
கீழிருந்து தாங்குவது அரெஸ்கி
(பெயர்கள் பிறகுதான் தெரிந்தன).
இறங்க வழியில்லாமல் ஒரு தபால்காரர்,
ஏற வழியில்லாமல் நான்.
யாரும் கூப்பிடவில்லை.
என் தோள் தானாகப் போய்
அரெஸ்கியின் தோளுக்குப் பக்கத்தில் நின்றது.

முதல் திருப்பத்தில் இறக்கிவைத்தோம்.
"யெம்மா!" என்றேன், மூச்சோடு மூச்சாக.
அதே நொடியில் அரெஸ்கியும்
"ஆ யெம்மா!" என்றான்.
திரும்பிப் பார்த்துக்கொண்டோம்,
ஒருவன் சட்டையை மற்றவன்
போட்டிருப்பதைக் கண்டதுபோல.
அவன் அம்மாவைக் கூப்பிட்டானாம்.
நானும்தான் என்று சொல்ல
எனக்குப் பிரெஞ்சு போதவில்லை.
லூனிஸ் மலையுச்சியைக் காட்டினான்:
அங்கேயும் ஒரு யெம்மா, குராயா, ஊர்க்காவல்.
ஆக மூன்று பேரை அழைத்திருக்கிறோம்,
ஒரு பெட்டி தூக்க.

நூற்றிப் பன்னிரண்டு படி.
எண்ணியவர் தபால்காரர்,
பின்வாங்கிப் பின்வாங்கி
எங்களோடே மேலே வந்துவிட்டவர்.

தஸாதித் கதவைத் திறந்தாள்,
ஃபிரிட்ஜைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள்.
இரண்டு விரற்கடை.
லூனிஸ் படியில் உட்கார்ந்து
எதிர்ச் சுவரைப் பார்க்கத் தொடங்கினான்.
நான் ஸ்க்ரூடிரைவர் கேட்டேன், கையால் திருகிக் காட்டி.
மூன்றாம் எஞ்சினியருக்குக் கீல் எம்மாத்திரம்.
கதவு வந்தது, பெட்டி போனது, கதவு திரும்ப மாட்டியது.
லாரியில் படுத்து வந்த மிஷின்,
எண்ணெய் இறங்கட்டும், மூன்று மணி நேரம்
ப்ளக் போடக்கூடாது
என்பதையும் கையாலேயே சொன்னேன்.
அவளுக்கு இரண்டாம் தடவையில் புரிந்தது.
லூனிஸுக்கு இன்னும் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

தக்காளியும் வெங்காயமும் மடித்த ரொட்டி தந்தாள்.
மொட்டைமாடியில் நின்று தின்றோம்.
கொடியில் காய்ந்த ஒரு காலுறைக்கும்
இன்னொரு காலுறைக்கும் நடுவில்
என் கப்பல்.
நாங்கள் இருபத்திரண்டு பேர்
அதற்குள் இருக்கிறோம் என்று நம்ப முடியவில்லை.
கிரேனின் கை லேசாக அசைந்தது.
பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

குராயா வரை போகவில்லை.
பாதி வழியில் பைன் நிழலில் படுத்துவிட்டேன்.
வாலில்லாத குரங்கு ஒன்று வந்து
ஆரஞ்சை எடுத்துக்கொண்டது.
போகிறபோது என் பின்பக்கத்தையும்
ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனது.

இறங்குவது ஏறுவதைவிட மோசம்,
முட்டி சொல்லிற்று.
வெயில் மஞ்சளாகியிருந்தது.
அதே சந்து, அதே கதவு.
தட்டவில்லை. நின்று காது கொடுத்தேன்.
உள்ளே கரண்டிச் சத்தம், யாரோ சிரிப்பு,
அதற்கெல்லாம் அடியில்
சீராக ஒரு முனகல்.
ஓடுகிறது.
அதிர்வில்லை, உதறலில்லை.

"என்ன சுற்றிப் பார்த்தாய்?" என்றார் சீஃப்.
"ஒரு ஃபிரிட்ஜ்" என்றேன்.
அவர் லாக் புத்தகத்திலிருந்து
தலை தூக்கவில்லை.