மூடி திறந்த வியாழக்கிழமை

ஸ்ரீ ரம்பாயில் இரண்டு ரயில்களை விட்டேன்.
மூன்றாவதில் காலியாக இருந்தது
என்னுடையது என்று நான் நினைத்துக்கொள்ளும் இருக்கை,
முன்கண்ணாடி ஓரம், இடப்பக்கம்.

ஓட்டுநர் இல்லாத வண்டி.
ஆகவே பத்தொன்பது ஆண்டுகளாக
ஓட்டுநர் நான்.
டமாய் தாண்டித் தண்டவாளம் தலைகுனியும்போது
என் வலது கை
மடியிலிருக்கும் சோற்று டப்பாவைப்
பின்னால் இழுக்கும், கொஞ்சம்போல.
வேகம் குறையும்.
யாரும் கைதட்டியதில்லை.

அந்த வியாழன், கே.எல்.சி.சி.யை விட்டு
முந்நூறு மீட்டர் போயிருக்காது,
சுரங்கத்தில் நின்றது.
ஏர்கானும் ஓய்ந்த பிறகுதான்
இத்தனை பேர் மூச்சு விடுகிறோம் என்று தெரிந்தது.

பின்பெட்டியிலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு
சீருடையில் ஒருவர் வந்தார்.
பெயர்ப்பட்டையில் சுஹைலா.
"மாஃப், என்சிக்."
எழுந்தேன்.
என் முழங்கால் தினமும் இடிக்கும் சாம்பல் பெட்டியில்
சாவியைத் திருகி மூடியைத் தூக்கினார்.
உள்ளே ஒரு கைப்பிடி,
நாலைந்து பொத்தான்கள்,
யாரோ ஒட்டிவைத்த, ஓரம் சுருண்ட
பூனைக்குட்டி ஸ்டிக்கர்.

எத்தனை நாளாகவோ
என் முழங்காலுக்கு எதிரே
ஒரு பூனை.

மணிக்கு இருபது கிலோமீட்டர்.
"இன்னிக்கும் லேட்டு" என்றது பின்னால் ஒரு குரல்.
நானும் உச்சுக்கொட்டினேன், ஒப்புக்கு.
வெறும் கோடாக ஓடிக்கொண்டிருந்த சுவர்
இன்று எழுத்துக்கூட்டிப் படிக்கக் கிடைத்தது:
வளையம் நானூற்றுப் பன்னிரண்டு,
நானூற்றுப் பதிமூன்று,
மெழுகாய் வழிந்து உறைந்த சுண்ணாம்பு,
கேபிள் தாங்கியில் மஞ்சள் கையுறை ஒன்று
ஐந்து விரலும் விரித்து,
அதற்கப்பால் யாரும் எண் எழுத மறந்த
இரண்டு வளையங்கள்.

சுஹைலா உதட்டுக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.
வளைவு வருகிறது, மேடையின் வெளிச்சம்
முதலில் சுவரில்தான் விழும்,
நாக்கு நுனிவரை வந்தது.
சொல்லவில்லை.

கம்போங் பாரு விளிம்பு தெரிந்ததும்
என் கை டப்பாவை இழுத்துவிட்டது.
அவர் கை இன்னும் அசையவில்லை.
ஒரு மூச்சு கழித்துத்தான் இழுத்தார்.
வண்டி அரைக் கதவு தள்ளி நின்றது.

என் கணக்குதான் சரி.
அல்லது
முந்நூறு பேரையும் இருட்டிலேயே
நிறுத்தி வைத்திருப்பேன்.

அங்குலம் அங்குலமாக நகர்த்திக்
கதவோடு கதவு சேர்த்தார்.
ரேடியோவில் ஏதோ சொன்னார்கள்.
மூடியை இறக்கிப் பூட்டிவிட்டு
மணிக்கட்டால் நெற்றியைத் துடைத்தார்.
"டுடுக்லா, என்சிக்."

உட்காரவில்லை.
பள்ளிப் பையோடு ஏறிய சிறுமி
அதில் போய் உட்கார்ந்தாள்.
எண்பதில் சுவர் மறுபடி கோடானது.
மஸ்ஜிட் ஜாமேக் வரை
டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்,
தவறி
எதையும் இழுத்துவிடாதபடி.