டீச்செலவு

மாதக் கடைசி ஞாயிறு, மாலை ஐந்து மணி.
காட்பாடி காந்தி நகரில்
முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்த மாடி.
ஒன்பது பேர், ஒரு மின்விசிறி.
கூட்டத்தின் முதல் பொருள்: டீ.

போன மாதம் முப்பத்தாறு டீ.
பொதுப் பணத்தில் குடிக்கலாமா என்கிறார் எத்திராஜ்.
குடிக்காமல் யோசனை ஓடாது என்கிறாள் நூருன்னிசா.
ஒரு டீ பன்னிரண்டு ரூபாய் என்றால்
அதற்கு ஒரு குழந்தைக்கு எத்தனை நாள்
இரும்புச்சத்து மாத்திரை என்று
பியூலா செல்போனில் வகுத்துப் பார்க்கிறாள்.
விடை வந்ததும்
எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டோம்.
ஆறிப்போனதை எடுத்துக் குடித்தவன்
தேசிங்கு மட்டும்தான்.
"கொட்டினா மட்டும் கொழந்தைக்குப் போயிடுமா?"

நாற்பது நிமிடம் ஆனது இதற்கு.

அடுத்த பொருள், கையிருப்பு.
பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது.
ஒடுகத்தூர் மலையடிவாரப் பள்ளியில்
கரும்பலகை தெரியாத பிள்ளைகள் அறுபத்திரண்டு பேர்;
மலிவாகக் கண்ணாடி தர ஒரு கடைக்காரர் சம்மதித்திருக்கிறார்.
தோட்டப்பாளையம் லாட்ஜில் ஒரே ஒரு ஆள்,
மால்டாவிலிருந்து மகனின் சிறுநீரகத்துக்காக வந்த
சுபல் மண்டல்.
பதினெட்டு நாள் வாடகை பாக்கி.

கணக்குத் தெரிந்தவர் சொல்லுங்கள் என்று
என் பக்கம் திரும்பினார்கள்.
எனக்குத் தெரிந்தது பற்றும் வரவும்.
அறுபத்திரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே
என்ன குறி போடுவதென்று
எந்தத் தேர்விலும் கேட்டதில்லை.

கண்ணாடிக்கு ஏழு கை.
நாலே நிமிடம்.
சுபலிடம் போய்ச் சொல்வது யார் என்றபோது
எல்லோருக்கும் செருப்பு தேட வேண்டியிருந்தது.

அதற்குள் இன்னொன்று, மறந்தே போனோம்:
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி ஒன்று
ஐம்பதாயிரம் தருகிறதாம்.
வாங்கவே கூடாது என்றான் தேசிங்கு.
அவன் பெரியப்பா கிணற்றில்
வாளி இறக்கினால் மஞ்சளாக வரும்,
மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும்.
சரி, வேண்டாம், என்றார்கள்.
நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கம்பெனியில்தான் எனக்குச் சம்பளம்.
பத்தில் ஒரு பங்கு
ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் இங்கே வருகிறது.
நானே கட்டி, நானே ரசீது கிழித்து,
பெயர் என்ற இடத்தில்
நலம்விரும்பி என்று எழுதுகிறேன்.

போன வாரம் அக்கா ஐயாயிரம் கேட்டாள்,
மகளுக்குக் காது குத்த.
கையில் இல்லை என்றேன்; பொய்யில்லை,
ஐந்தாம் தேதி கடந்திருந்தது.
"ஊரார் பிள்ளைய ஊட்டி வளக்கறவளே,
உன் வீட்டுப் பிள்ளை தானா வளருதான்னு
ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போ."
போனை வைத்தது அவளா நானா,
நினைவில்லை.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது.
கீழே மணல், முள்செடி,
யாரோ விட்டுப்போன ஒற்றைப் பாய்.
சொல்ல வேண்டியதை
இந்தியில் ஒருமுறை, தமிழில் இருமுறை
உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

லாட்ஜ் வாசலிலேயே நின்றிருந்தார்.
நான் தொடங்குமுன்
எதிர்க் கடையைப் பார்த்து ஒரு விரல் காட்டி
தான் கற்ற தமிழில்
"டீ குடி, அக்கா" என்றார்.
வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.
சட்டைப் பையிலிருந்து
ஒரு பத்து, இரண்டு ஒற்றை நாணயம்.

கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.
நாக்கு சுட்டது.
பிறகுதான் சொன்னேன்.
அவர் தலையை ஆட்டினார்,
மகன் இன்று இட்லி சாப்பிட்டதாகச் சொன்னார்,
இரண்டு என்று விரலில் காட்டினார்.

இரவு நோட்டைத் திறந்து
வரவுப் பக்கத்தில் பன்னிரண்டு ரூபாய் எழுதினேன்.
எழுதலாமா என்று எந்த விதியிலும் இல்லை.
நலம்விரும்பி என்று போடக் கை வரவில்லை.
பெயரைத் தொடங்கும்போதுதான்
மண்டலா, மொண்டலா,
அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வார் என்று
கேட்காமலே வந்தது தெரிந்தது.