தொண்ணூறு கிலோ

சாவியை மாற்றிக்கொண்டது உப்புவெளிச் சந்தியில்,
ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு இருபது.
லாபிரிடம் என் மஞ்சள், இரண்டாயிரத்து ஏழு.
என்னிடம் அவனுடைய வெள்ளை, சீட்டில் இன்னும் பொலித்தீன்.
இரண்டும் ஸ்விஃப்ட். இரண்டின் பின்கதவிலும்
ஸ்போர்ட் என்ற அதே எழுத்து.
எழுத்து மட்டும்தான், என்றேன்.
ஓட்டிப்போட்டுச் சொல்லு, என்றான்.

சீனக்குடா மாவாலையில் நாங்கள் ஒரே ஷிப்ட்.
மூன்று மாதமாய்ச் சாப்பாட்டு மேசையில் இதே வழக்கு.
தேத்தண்ணி ஆறிப்போகும். தீர்ப்பு வராது.

என்னுடையதை மூவாயிரம் வரைக்கும் கெஞ்சவேண்டும்.
ஐயாயிரத்தில் தொண்டையைச் செருமும்.
ஊசி ஏழாயிரத்தை எட்டிப் பார்க்கும்போதுதான் விளங்கும்,
இத்தனை நேரமும் அதற்குக் கோபமில்லை,
நித்திரை.
அவனுடையது நித்திரையே கொள்ளாதது.
கால் பெருவிரலை நினைத்தால் போதும்,
முதுகு சீட்டுக்குள் போகிறது.
சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கியர் குறைக்க நினைத்தேன்,
பாலம் பின்கண்ணாடியில் இருந்தது.

பழசுதான் பாரம் குறைவு:
வழக்கில் என் பெரிய சாட்சி அதுதான்.
லாபிர் புத்தகத்தை விரித்து மேசையில் வைத்தான்.
என்னுடையது ஆயிரத்து அறுபது,
அவனுடையது தொள்ளாயிரத்து எழுபது.
தொண்ணூறு கிலோ.
ஒரு முழு ஆள் இறங்கிப் போயிருக்கிறான்.
யாரென்று அன்று நான் யோசிக்கவில்லை,
பருப்புக் கறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உப்புக்காற்று என் கதவடியைத் தின்றுகொண்டிருக்கிறது,
பிஸ்கட் போல, ஓரத்திலிருந்து.
ஆனாலும் வாகனக் கப்பல் வராத வருடங்களில்
வாங்கின விலையைப்போல் மூன்று மடங்கு கேட்டார்கள்.
ஒன்றும் செய்யாமல்,
துருவோடு, பணக்காரியாய் இருந்தேன்.
கொடுத்திருக்கலாம்.

நிலாவெளி தாண்டி, இறக்கக்கண்டியில் திருப்பினேன்.
வெள்ளைக்கோட்டைச் சக்கரம் தொட்டால்
ஸ்டியரிங் என் கையை மெல்லத் தள்ளுகிறது,
கலியாண வீட்டில் வரிசை ஒழுங்குபடுத்துகிறவர் போல.
முதலில் எரிச்சல். பிறகு, சொல்லக் கூச்சம்,
நன்றாயிருந்தது.
ஏசி, சத்தமில்லாத கண்ணாடி, வலிக்காத முழங்கால்.
எனக்கும் நாற்பத்தாறு ஆகிறது.

சாவி திருப்பிக் கொடுக்கும் இடம் டச்சு பே.
கோட்டை வாசலுக்குக் கிட்ட, குப்பைத்தொட்டிக்குப் பின்னாலிருந்து
ஒரு மான் இறங்கிற்று,
வாயில் யாரோ சாப்பிட்ட லஞ்ச் சீட்.
கார் நின்றது.
நான் நிறுத்தவில்லை. என் கால்
பிரேக்குக்குப் போகிற பாதி வழியில் இருந்தது.
மான் என்னைப் பார்க்கவுமில்லை,
சீட்டைச் சப்பிக்கொண்டு கடந்தது.

அப்போதுதான் கணக்குப் பார்த்தேன்.
எனக்கு ஐம்பத்தெட்டு கிலோ.
மிச்சம் முப்பத்திரண்டு
என் பயமாயிருக்கவேண்டும்.

லாபிர் நாற்பது நிமிடம் பிந்தி வந்தான்.
கண்ணாடி நாலும் இறக்கி, சேர்ட் முதுகோடு ஒட்டி,
தலைமயிரில் கடல்.
கிளச்சா அது, ஜிம்மா, என்று
இடது தொடையைப் பிசைந்தான்.
குச்சவெளிக்கும் அங்கால போயிருக்கிறான், கள்ளன்,
பெற்றோல் ஊசி சொன்னது.
யார் வென்றது என்று அவனும் கேட்கவில்லை.
வாற ஞாயிறு? என்று மட்டும் கேட்டான்.

திங்கள் காலை, என் மஞ்சளில்,
அதே குப்பைத்தொட்டி வருமுன்னமே மிதித்தேன்,
முழுக்காலால், முப்பத்திரண்டு கிலோவும் சேர்த்து.
டயர் கத்திற்று. பின்னால் வந்த ஆட்டோக்காரன்
என் பரம்பரையை விசாரித்தான்.

மான் இல்லை.
லஞ்ச் சீட் மட்டும் கிடந்தது,
காற்றுக்குத் திரும்பிப் படுத்தபடி.