குறிப்பு என்றொரு கட்டம்

ஜூலை, காலை ஆறரை.
மூன்று நாளாக மழை என்று ஏமாற்றும் தில்லி வானம்.
கல்லூரி மைதானத்தின் தென்மூலையில்
நாலு கூடை மண் கொட்டி
மேடு என்று பெயர் வைத்திருந்தோம்.
விளையாட்டு ஒதுக்கீட்டில் பேஸ்பாலுக்கு ஓர் இடம்,
எறிபவனுக்கு மட்டும்.
வந்திருந்தவை பதினோரு வலக்கை, இரண்டு இடக்கை.

வேகமானி பக்கத்துக் கல்லூரியின் இரவல்.
ஒன்பதுக்குள் திருப்பித் தர வேண்டும்.
அதைக் கட்டாரியா சார் பிடித்துக்கொண்டார்,
என்னிடம் அட்டையும் தாளும்.
வேகம், குறி, வளைவு, உடற்கட்டு,
கடைசியில் இரண்டு விரல் அகலத்தில் குறிப்பு.

முதலாமவன் தோளை மட்டும் நம்பினான்.
இரண்டாமவன் பந்தை விடும் முன்பே என் முகத்தைப் பார்த்தான்.
நான்காமவனோடு அப்பா வந்திருந்தார்;
ஒவ்வொரு பந்துக்கும்
வலைக்குப் பின்னால் அவர் தோளும் அசைந்தது.
104, 111, 98.
எண்கள் நல்ல பிள்ளைகள்,
சொன்ன இடத்தில் உட்காரும்.

ஏழாவது, சோம்பீர்.
பகதூர்கட்டிலிருந்து முதல் மெட்ரோ.
பெயரைக் கூப்பிட்டபோது எனக்குள் ஒரு தமிழ்ச் சிரிப்பு.
சோம்பல் என்றால் என்னவென்றே தெரியாத கை அது.
முதல் பந்து 127.
கட்டாரியா சார் வேகமானியைத் தட்டிப் பார்த்தார்,
தராசை நம்பாதவர் மீன் வாங்குவது போல.
இரண்டாவது 129.
பிடிப்பவன் கையுறையைக் கழற்றி
உள்ளங்கையை ஊதிக்கொண்டான்.
எழுதிக்கொள்ளுங்கள், கடையைக் கட்டலாம்
என்ற அர்த்தத்தில் சார் இந்தியில் ஏதோ சொன்னார்.

நான் பந்தைப் பார்க்கவில்லை.
பன்னிரண்டாவது பந்துக்குப் பிறகு
தண்ணீர் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி
இடக்கையால் மூடியைத் திருகினான்.
வலக்கை, யாருடையதோ போல, தொடைமேல் கிடந்தது.
விரல்களை ஒருமுறை விரித்து மூடினான்.
சுண்டுவிரல் மட்டும் தாமதமாக வந்தது.

முழங்கை வலிக்கிறதா?
இல்லை மேடம்.
அவ்வளவு வேகமாக
அவன் அன்று வேறெதையும் எறியவில்லை.

அப்புறம் தோய்பா.
முனிர்க்காவில் அண்ணனின் அறையில் தங்கியிருப்பவன்.
112. மறுபடி 112.
முழங்கால் உயரம், வெளி ஓரம்,
தினமும் ஒரே வாசலில் விழும் செய்தித்தாள் மாதிரி.
ஒன்று தப்பித் தலைக்கு மேலே போனது.
தானே ஓடிப்போய் எடுத்துவந்தான்.
மேட்டில் தன் கால் பறித்த குழியை
ஷூ நுனியால் தள்ளி மூடிவிட்டு
அடுத்ததை எறிந்தான்.
இதற்கு எந்தக் கட்டத்தில் எத்தனை மதிப்பெண்?

தூற ஆரம்பித்தது.
வேகமானியைத்தான் முதலில் உள்ளே கொண்டுபோனோம்.

எழுதினால் ஒருவனுக்கு மூன்று வருடம் போகும்,
விடுதி, சாப்பாடு, ஒரு பட்டம்.
எழுதாவிட்டால் ஒரு முழங்கை.
இப்படியெல்லாம் அடுக்கிச் சொல்லிக்கொண்டது பிற்பாடு.
அப்போது எனக்கு ஒன்பது மணிக்கு வகுப்பு,
ஈரத்தாளில் மை திட்டுத்திட்டாய் இறங்கியது.
முழங்கை, பரிசோதிக்கவும்
என்று எழுதினேன்.
பரிசோதிக்க நாள் இல்லை என்பது
அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.
பட்டியலில் தோய்பா.

பிப்ரவரியில் எதிரணிச் சட்டையில் சோம்பீர்.
ஆறு இன்னிங்ஸ்.
எங்கள் பிள்ளைகள் காற்றை அடித்துவிட்டு
அடித்துவிட்டுத் திரும்பினார்கள்.
தோய்பா நன்றாகத்தான் எறிந்தான். தோற்றுக்கொண்டிருந்தோம்.
கட்டாரியா சார் ஒன்றும் சொல்லவில்லை,
வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.
என் கணக்கு தப்பியதில் சந்தோஷம்தான் என்று
வாய்வரை வந்தது.
பொய். கடலையோடு விழுங்கினேன்.

ஆறாவது முடிந்து அவன் நிழலுக்கு வந்தான்.
நான் எழுந்து நின்றேன்,
பாட்டிலை எந்தக் கை திறக்கிறது என்று பார்க்க.

யாரோ திறந்தே கொடுத்தார்கள்.