வருகையின் நோக்கம்

சவன்னகேத்தில், தாய்லாந்துத் துணைத்தூதரகத்துக்கு எதிர் மரத்தடியில்
என் மேசை.
கோந்து, கத்தரிக்கோல், நீலப் பேனா நான்கு.
கட்டையான ஒரு காலுக்கு முட்டுக்கொடுக்க
எவரோ விட்டுப்போன பயணக் கையேடு.
படிவம் நிரப்ப இருபதாயிரம் கிப்.
படம் ஒட்டக் காசு வாங்குவதில்லை.

வெய்க்கோவை எனக்கு
அறுபது நாளுக்கு ஒருமுறை தெரியும்.
சில தடவை தொண்ணூறு.
அக்கரையிலேயே பணம் கட்டி
ஒரு மாதம் நீட்டிக்கொண்டு வருவார்,
முகத்தில் கடன் அடைத்த களை.
முதல் படத்தில் தாடி செம்பட்டை.
பதினோராவதில் உப்பு.
அந்த மனிதரின் வயதை ஒன்றரை அங்குலச் சதுரமாக வெட்டி வெட்டி
ஒட்டி வந்தவள் நான்தான்.

வருகையின் நோக்கம்?
சுற்றுலா.
கேட்பதே இல்லை, கை தானாக எழுதிவிடும்.
பார்க்கப்போகும் இடங்கள்?
அயுத்தயா, சியாங் மாய், ஏதோ ஒரு தீவு.
மூன்றையும் அவர் பார்த்ததில்லை.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் முக்தஹானில்
தையல்காரி ரம்பூங் வீட்டு மாடியில்
எந்தப் படி முனகும் என்று தெரியும்.
விடியலில் எத்தனை மணிக்கு மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறும்,
மூன்று நாய்களில் எதற்கு மீன் முள் ஆகாது,
தூக்கத்தில் அவள் எண்ணுவது பொத்தானையா பாக்கியையா,
தெரியும்.
பின்லாந்திலிருந்து இப்படி ஒரு சுற்றுலாப் பயணி.

ஒருமுறை கேட்டார்:
இந்தக் கட்டத்தில் இடம் எவ்வளவு?
இரண்டு விரல், என்றேன்.
கொஞ்ச நேரம் கட்டத்தையே பார்த்தார்.
சரி, சுற்றுலா என்றே போடுங்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
என் தங்கை கேசோன் ராயோங்கில் மீன் ஆலையில்
ஆறு வருஷமாக இருக்கிறாள், காகிதம் இல்லாமல்.
அவளுக்கு நான் நிரப்பித் தர
ஒரு கட்டம்கூட எவரும் அச்சடிக்கவில்லை.

வயல் எரிக்கும் புகை ஆற்றின்மேல் படுத்திருந்த மாதம்
பாஸ்போர்ட்டில் சிவப்பு முத்திரை விழுந்தது.
நீட்டினார். அவர்கள் எழுத்து எங்கள் எழுத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை,
படித்துச் சொன்னேன்:
பலமுறை வந்துவிட்டீர்களாம்.
இதுவே கடைசி. அடுத்ததற்கு வேறு வகை பார்க்கவாம்.

வேறு வகைக்கு வங்கியில் நான்கு லட்சம் பாட் வேண்டும்.
அவளை விட்டுப்போனவன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.
இரண்டும் எங்கே இருக்கின்றன என்று
யாருக்கும் தெரியாது.

அறுபதாம் நாள் பாலத்துப் பேருந்தில் வந்து இறங்கினார்.
ஒரு பை, ஒரு மேசை விசிறி.
மாதா கோவிலுக்குப் பின்னால் அறை, ஜன்னல் ஆற்றைப் பார்த்து.
எங்கள் ஆட்கள் முப்பது நாள் குத்திக் கொடுத்தார்கள்.
இப்போது எங்கள் நாட்டுக்குச் சுற்றுலா வந்திருக்கிறார்.

சனிக்கிழமைகளில் அவள் வருகிறாள்.
முதல் தடவை என் மேசையில் நின்று வழி கேட்டாள்.
விரல் நுனியில் மிஷின் எண்ணெய்,
தோளில் அளவு நாடா, கழற்ற மறந்திருக்கிறாள்.
பாலத்தில் என்ன எழுதினாய், என்றேன், தொழில் புத்தி.
நோக்கம் என்ற இடத்திலா?
அளவெடுக்க, என்று எழுதினேன்.
அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அக்கா.

கடைசிப் பேருந்துக்குள் அவள் திரும்பியாக வேண்டும்.
கூடவே நடந்து வருகிறார்,
ஒரு கை மட்டும் தைத்த நீலச் சட்டையில்.
போன சனிக்கிழமை காலர் வந்திருந்தது.
அதற்கு முந்தியது வெறும் இடுப்பளவு.
ஒரு சட்டைக்கு
எத்தனை சனிக்கிழமை பிடிக்கும் என்று
நான் கேட்கவில்லை.

நாளை மறுநாள் அவருக்கு முப்பது முடிகிறது.
படம் எடுத்தாயிற்று.
கோந்து வாங்க வேண்டும்.