யாருட்டி அவன்

பணகுடியில் ஆனி மாதக் காற்று
சோற்றுத் தட்டில் மண்ணைப் போட்டுவிட்டுப் போகும்.
கதவை அடைத்துவிட்டு
அம்மையும் மேலத்தெருச் சித்தியும்
என்னை விசாரிக்கிறார்கள்.

யாருட்டி அவன்.

மூணு மாப்பிள்ளையை வேண்டாம்னுட்டா.
பொங்கலுக்கு வரல.
வந்தாலும் நாலாம் நாளே பெட்டியக் கட்டுதா.
தூக்கத்துல என்னமோ பாஷை பேசுதா.
சித்தி விரல் மடக்கி எண்ணுகிறாள்.
கணக்கு எல்லாம் சரிதான்.

என் போனின் பூட்டு தம்பி இசக்கிக்குத் தெரியும்.
எந்தக் கட்சி என்று முடிவாகாமல்
சுவரோரம் நிற்கிறான்.

எப்படிச் சொல்ல.
முதல் வருஷம் எனக்கும் பிடிக்கவில்லை.
கல்கத்தா.
முதல் வாரமே என் பர்ஸை எடுத்துக்கொண்டது.
இரண்டாம் மாதம் டெங்கு கொடுத்தது.
சுடலைவடிவு, லிஃப்ட் மெக்கானிக் என்றால்
பெயரின் பாதியை வாங்கிக் கடித்துப் பார்த்து
வ இல்லாத வாயால்
பொடிபு என்று திருப்பித் தந்தது.

பிறகு ஒரு வைகாசி மத்தியானம்.
பௌபஜாரில் ஒரு கிழட்டுக் கூண்டு லிஃப்ட்.
கம்பிவடம் பார்க்க ஏறினவள்
கரண்ட் போய்
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றேன்.
கண் மட்டத்தில் நாலாம் மாடித் தரை.
முதலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வந்தது.
பிறகு செம்பஞ்சு பூசின பாதம்.
பிறகு ஒரு ஊன்றுகோல், ஒரு பூனை.
கயிறா ஏணியா மின்வாரியமா என்று
அத்தனை கால்களும் எனக்காகச் சண்டை போட்டன.
நான்தான் மெக்கானிக் என்று சொல்லிப் பார்த்தேன்.
கேட்க யாருக்கும் நேரமில்லை.
கம்பி இடுக்கு வழியாக மண்குவளையில் டீ இறங்கியது.
அப்புறம் ஒரு விசிறி.
அப்புறம், பொழுது போகட்டும் என்று
ஒரு கைக்குழந்தையின் கால்.

ஒரு மணி பத்து நிமிஷம்.
கரண்ட் வந்தபோது
எனக்குக் கோபம் வந்தது.
கீழே இறங்கி டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது
காரணமில்லாமல் சிரித்தேன்.
புடலங்காய் விற்றவன் பதிலுக்குச் சிரித்தான்.
எம்மா, அவ்வளவுதான் நடந்தது.

இதை எந்த வாயால் சொல்ல.
திறந்து காட்டுலே, என்றேன் இசக்கியிடம்.

ஆயிரத்து இருநூறு படம்.
மீசை வைத்த ஒன்றைத் தேடி
சித்தி தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள்.
மழை நின்ற மாடிப்படி.
துருப்பிடித்த கப்பி.
டிராம் கம்பியில் மாட்டிய பட்டம்.
ஜன்னலில் காயும் ஒற்றைக் காலுறை.
ஒரே தெருமுனை, பதினேழு தடவை.
ஆளக் காணோமே அக்கா, என்றாள்,
ஏமாந்த குரலில்.

அம்மை கொஞ்ச நேரம் பேசவில்லை.
வெளியே காற்றாலைகள்
வெட்டி வெட்டிச் சுற்றின.

ஒருத்தன்கூடப் போயிருந்தா
தலமுடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன்.
போலீசுல எழுதிக் குடுத்திருப்பேன்.
அவன் வீட்டு முத்தத்துல
மண்ண வாரித் தூத்தியிருப்பேன்.
அவ்வளவு பெரிய ஊருக்கு
எங்க நின்னுட்டி தூத்த?

சித்தி அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.
அம்மை போனைத் திருப்பித் தரவில்லை.
அந்தத் தெருமுனையை இரண்டு விரலால் விரித்தாள்,
விரித்தாள்,
பேருந்து போய், மஞ்சள் டாக்ஸி போய்,
ஓரத்தில் எண்ணெய்ச் சட்டி முன் குந்தியிருக்கும்
ஒரு பொம்பளை மட்டும் மிச்சமாகும்வரை.
பதினேழு தடவையும்
அவளை நான் கவனித்ததில்லை.

இவ என்னட்டி போடுதா?
கத்திரிக்காயா இருக்கும்.
வட்டமா வெட்டுவாளா, நீளமாவா?
தெரியலம்மா.

அப்பம் என்னத்தட்டி பாத்த
நீ அந்த ஊர.